அபராதமும் பிராயச்சித்தமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஆயுத பூஜையன்று, கோயம்புத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில், இரும்புத் தகட்டை வெட்டியும் வளைத்தும் துளையிட்டும் பம்புசெட்டுகளுக்கு வேண்டிய சில்லறை உறுப்புகளைச் செய்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றுக்கு நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். ஆண்டு முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் தூளும் படிந்து கிடக்கும் பவர் பிரஸ் யந்திரங்கள் ஐந்தையும் முந்தின நாளே பனியன் வேஸ்ட்டால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் விபூதிப் பட்டையிட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் இலையில் குவித்திருந்தார்கள். அன்றாடம் எத்தனை பீஸ் அடிக்க வேண்டுமென்று எழுதிப் போடும் கரும்பலகையைக்கூட ஈரத் துணியால் துடைத்து, பிள்ளையார் சுழி மட்டும் இட்டு வைத்திருந்தார்கள். பூசணிக்காய் உடைத்துக் கற்பூரம் காட்டியபோது அங்கிருந்த அத்தனை பேரும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்ற நிலையில் பொய் ஏதும் இருக்கவில்லை; தனக்குச் சோறிடும் இரும்பின் முன் மனிதன் தலைவணங்கும் அந்தக் காட்சியை நம் நாட்டுப் பண்பாட்டின் மேன்மைகளில் ஒன்றாகவே நான் எப்போதும் கருதி வந்திருக்கிறேன்.

மூன்றாவது பிரஸ்ஸின் அருகே போய் நின்றபோது என் மனம் துணுக்குற்றது. அதன் முகப்பில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டையும் இரண்டு கைகளாலும் ஒருசேர அழுத்தினாலன்றி மேலிருந்து டை இறங்கித் தகட்டை வெட்டாது. பொத்தானின் மேல் இருக்கும் கை டையின் கீழே இருக்க முடியாது என்ற எளிய உண்மையைக் கொண்டு, யாரோ ஒரு பொறியாளர் தாம் ஒருநாளும் காணப்போகாத ஒரு தொழிலாளியின் விரல்களை நினைத்துச் செய்து வைத்த ஏற்பாடு அது. ஆனால் இடப்பக்கத்துப் பொத்தானை, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டியெடுத்த ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றி, அது எப்போதும் அழுந்தியே கிடக்கும்படி கட்டியிருந்தார்கள். பூஜைக்காக யந்திரத்தைத் துடைத்தவர்கள் அந்த நாடாவை அவிழ்க்கவில்லை. அதன் மேலேயே சந்தனம் தடவிக் குங்குமமும் இட்டிருந்தார்கள்.

அந்த யந்திரத்தை ஓட்டும் இளைஞரிடம் இது எதற்கென்று கேட்டேன். “ரெண்டு கையும் பொத்தான் மேலயே இருந்தா பீஸை எதுலீங்க வைக்கிறது? ஷிப்டுக்குச் சொன்ன கணக்கு வராதுங்க” என்றார், மனத்தாங்கல் எதுவுமின்றி, நடைமுறையைச் சொல்லும் குரலில். அவருக்குப் பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் பொரி வாங்கிக்கொள்ளக் கைகளைச் சேர்த்து ஏந்தினார். இடக்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. அந்த இடைவெளி வழியாகப் பொரி கொஞ்சம் தரையில் உதிர, அவர் கையை மார்போடு அணைத்துக்கொண்டார். அது அவருக்குப் பழகிப்போன செய்கையாக இருந்தது.

நம் நாட்டில் 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. கட்டை விரல் போனால் நூற்றுக்கு 30, ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, ஒரு கையின் இரண்டு விரல்கள் போனால் 20, நான்கு விரல்களும் போனால் 50 என்று அது அங்கம் அங்கமாக எண்ணிச் சொன்னது. முதன்முறை அதைப் படிக்கும்போது எவருக்கும் உடல் சிலிர்க்கும். ஆயினும் அந்த அட்டவணையை நான் குறை கூற மாட்டேன். அது விரலின் மதிப்பைச் சொல்வதாக எங்கும் பாவனை செய்யவில்லை. சம்பாதிக்கும் சக்தியில் எவ்வளவு குறைந்தது என்பதை மட்டுமே அளக்கிறது. பேரக் குழந்தைக்கு நெற்றியில் பொட்டு வைக்கும் விரல் எது, பொரி ஏந்தும் கையில் எந்த விரல் வேண்டும் என்பவற்றை அளக்க அதற்குக் கோல் இல்லை. அளக்க முடிந்ததை அளந்துவிட்டு மற்றதைச் சொல்லாமல் விடுகிறது. அது சொல்லாமல் விட்ட அந்தப் பகுதியைப் பற்றித்தான் நாம் சிந்திக்க வேண்டும். பாதுகாப்பு விதியை மீறுகிற முதலாளி உண்மையில் எதை இழக்கிறான்? அபராதமும் நஷ்டஈடும் செலுத்தியபின் அவன் கணக்கு தீர்ந்துபோகிறதா?

தொழில் நடத்துகிறவர்களுக்குப் பாதுகாப்பை உபதேசிக்கிறவர்கள் பொதுவாக லாப நஷ்டத்தின் பாஷையிலேயே பேசுகிறார்கள். ஒரு விபத்து நேர்ந்தால் ஆஸ்பத்திரிச் செலவு, நஷ்டஈடு, வழக்குச் செலவு, யந்திரம் நின்றுபோன நாட்களின் கூலி, புதிய ஆளைப் பழக்கும் காலம், குறித்த நாளில் சரக்கு போகாமையால் கைவிட்டுப்போகும் ஆர்டர், கெட்டுப்போகும் நற்பெயர் ஆகிய எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஒரு காப்பு வலைக்கோ ஒரு சென்சாருக்கோ ஆகும் செலவு அற்பம் என்று நிரூபிக்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மையே. அமெரிக்காவின் அல்கோவா அலுமினியக் கம்பெனிக்கு 1987இல் தலைவராக வந்த பால் ஓநீல், முதலீட்டாளர்களின் முதற் கூட்டத்திலேயே லாபத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசி அவர்களைத் திகைக்க வைத்தார். அவர் தலைமை வகித்த ஆண்டுகளில் விபத்துகள் குறைந்தன, லாபமும் பெருகியது. ஆனால் அதே ஓநீல், பாதுகாப்பினால் எவ்வளவு பணம் மிச்சமாயிற்று என்று கணக்குப் போடவே கூடாதென்று தம் நிதித் துறையினரை எச்சரித்தார் என்பதை உபதேசிகள் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. லாபம் வருமென்பதற்காகக் காக்கப்படும் உயிர், லாபம் வராதென்று தெரியும் நாளில் கைவிடப்படும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அப்படிப்பட்ட நாள் வரத்தான் செய்கிறது. 1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி, நியூயார்க் நகரில், டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. எட்டாவது மாடியில் மூண்ட தீ மேலே பரவியபோது, ஒன்பதாவது மாடியில் வெளியேறும் கதவொன்று பூட்டிக் கிடந்தது. துணி திருட்டுப் போகாமலிருக்கவும், வேலைக்காரப் பெண்கள் நினைத்தபோது வெளியே போகாமலிருக்கவும் கதவைப் பூட்டி வைப்பது அங்கே வழக்கம். 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலிய குடும்பங்களிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள். கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பதை ஐயமின்றி நிரூபிக்க முடியாமையால், அவர்கள் இருவரும் அவ்வாண்டு டிசம்பரிலேயே விடுதலையானார்கள். 1914இல் சிவில் வழக்கில் அவர்கள் இறந்தவர்களுக்காக உயிர் ஒன்றுக்குக் கொடுத்தது 75 டாலர். தீ விபத்துக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து அவர்களுக்குக் கிடைத்த தொகையோ அதைவிடப் பன்மடங்கு. பேரேட்டை மட்டும் பார்த்தால் அந்தப் பூட்டினால் அவர்களுக்கு நஷ்டமில்லை. லாப நஷ்டக் கணக்கையே தர்மத்தின் அஸ்திவாரமாக வைத்தவன் இந்த இடத்தில் வாயடைத்து நிற்க வேண்டியதுதான்.

ஆகவே நாம் முதலில் தெளிய வேண்டியது, அபராதத்துக்கும் விலைக்கும் உள்ள பேதம். விலை கொடுத்தவனுக்குப் பொருளின் மேல் பாத்தியதை உண்டாகிறது; அபராதம் கொடுத்தவனுக்கு எந்தப் பாத்தியதையும் உண்டாவதில்லை, செய்யத் தகாததைச் செய்தாய் என்ற கண்டனமே அதன் பொருள். தொழிற்சாலைச் சட்டம் 1948இல் தன் 21ஆம் பிரிவில் சுழலும் யந்திரப் பாகங்களுக்கு வேலியிடச் சொன்னபோது, வேலியிடு, இல்லையேல் இவ்வளவு பணம் கட்டிவிட்டு உன் இஷ்டப்படி இரு என்று இரண்டு வழிகளை முதலாளியின் முன் வைக்கவில்லை. அபராதத்தை ஒரு செலவினமாகக் கருதி, விதியை மீறுவதால் வரும் மிச்சத்தோடு அதை ஒத்திட்டுப் பார்க்கிறவன், தனக்கு ஒருபோதும் சொந்தமாகாத ஒன்றை, அதாவது வேறொருவனுடைய விரலை, கண்ணை, மூச்சை, தன் மூலதனத்தோடு சேர்த்து எண்ணிவிடுகிறான். தன் உயிரைத் தானே பணயம் வைக்கிறவனை நாம் சாகசக்காரன் என்போம். பிறன் உயிரை அவன் அறியாமல், அல்லது அறிந்தும் மறுக்க முடியாத நிலையில் வைத்துப் பணயமாக்குகிறவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

இந்தக் கேள்வியை உலகத்தின் பழைய சமயங்கள் நாம் நினைப்பதைவிடக் கூர்மையாகவே கேட்டிருக்கின்றன. யூதர்களும் கிறிஸ்தவர்களும் போற்றும் உபாகமத்தில், புதுவீடு கட்டுகிறவன் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லாவிடில் ஒருவன் அங்கிருந்து விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டைச் சேரும் என்று விதித்திருக்கிறது. விழுந்தபின் நஷ்டஈடு எவ்வளவு என்ற விசாரணைக்கு முன்பே, விழுவதற்கு இடம் வைத்தது பாவம் என்று அந்த விதி கருதுகிறது. யாத்திராகமத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றி ஒரு நியாயம் வருகிறது. சாதுவான மாடு எதிர்பாராமல் ஒருவனை முட்டிக் கொன்றால் மாட்டோடு காரியம் முடியும். ஆனால் அது முட்டுகிற மாடென்று முன்னமே எச்சரிக்கப்பட்டும் கட்டி வைக்காதவன் தன் உயிரையே கொடுக்கக் கடமைப்பட்டவன். அவன்மேல் மீட்புப் பணம் சுமத்தப்பட்டால் அதைக் கொடுத்துத் தன் உயிரை மீட்டுக்கொள்ளலாம். அந்தப் பணம் எதற்கான ஈடு என்பதை ஊன்றிப் பார்க்க வேண்டும். இறந்தவனுடைய உயிருக்கு அது விலையாகக் குறிக்கப்படவில்லை. உரியவன் இழந்துவிட்ட தன்னுடைய உயிரைத் திரும்பப் பெறுவதற்கான காணிக்கை அது. மாண்டவனுக்கு விலையே கூறப்படவில்லை.

ஜைன ஆசாரியரான உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்ஸைக்கு இலக்கணம் வகுக்கையில், பகையையும் குரோதத்தையும் தேடிப் போகாமல், பிரமாதத்தோடு, அதாவது கவனக்குறைவோடு, கூடிய செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே ஹிம்ஸை என்று கூறுகிறார். ‘நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லையே’ என்ற சமாதானத்தை அந்த இலக்கணம் ஏற்காது. நம் திருவள்ளுவரும் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, அதைப் பொருட்பாலில், அரசியலில் வைத்திருக்கிறார். ஏனெனில் ஒருவன் கீழ்ப் பலர் வாழும்போது அவனுடைய மறதி அவனுக்கு மட்டும் உரிய குறையாக நின்றுவிடுவதில்லை. அளவு கடந்த கோபத்தைவிடக் களிப்பின் மிகுதியால் வரும் மறதி கொடியது என்று அந்த அதிகாரம் தொடங்குகிறது. ‘இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே’ என்று பட்டறைகளில் சொல்லிக் கேட்டிருப்பவர்களுக்கு அதன் பொருள் நன்கு விளங்கும். விபத்து நேராத ஒவ்வொரு நாளும் விதியை மீறுகிறவனுக்குத் தைரியம் தரும் ஓர் ஆசானாகிவிடுகிறது. அந்த ஆசான் கற்பிப்பதோ முழுப் பொய்.

முன்னமே எச்சரிக்கப்பட்ட மாட்டுக்காரனின் நியாயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் போபால் நினைவுக்கு வருகிறது. அந்நகரத்து யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் 1981 டிசம்பரிலேயே பாஸ்ஜீன் வாயு கசிந்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார். 1982 மே மாதம் அமெரிக்காவிலிருந்து வந்த நிபுணர் குழுவே குறைகளைப் பட்டியலிட்டுக் கொடுத்தது. அதே ஆண்டில் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் நகரத்துக்கு வரப்போகும் ஆபத்தைத் தம் சிறு வாரப் பத்திரிகையில் திரும்பத் திரும்ப எழுதினார். எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் ஆலையிலோ சிக்கனம் நடந்தது, ஆட்கள் குறைக்கப்பட்டார்கள், மெத்தில் ஐசோசயனேட் திரவத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய குளிர்சாதனம் 1984இன் நடுவில் நிறுத்தப்பட்டது, கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதென்று கழற்றப்பட்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில், 610 என்ற எண்ணிட்ட தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, ஏறத்தாழ 40 டன் திரவம் கொதித்தெழுந்து நச்சுப் புகையாக உறங்கும் குடிசைகளின் மேல் இறங்கியபோது, அதைத் தடுக்க வேண்டிய காவல்களில் ஒன்றுகூட முழுமையாக விழித்திருக்கவில்லை. அரசாங்கம் முதலில் ஒப்புக்கொண்ட சாவுக் கணக்கே இரண்டாயிரத்தைத் தாண்டியது. பின்னால் இறந்தவர்களையும் மூச்சும் பார்வையும் கெட்டு வாழ்ந்தவர்களையும் சேர்த்தால் அது பல மடங்கு.

1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு அந்த வழக்கு சமரசமாயிற்று. இந்திய நிர்வாகிகளில் உயிரோடிருந்தவர்களுக்கு 2010 ஜூன் மாதத்தில்தான் தீர்ப்பு வந்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை. இந்த நாட்டின் சட்ட சிந்தனை மட்டும் அந்தப் புகையிலிருந்து சற்றே விழித்தெழுந்தது. டெல்லியில் நேர்ந்த ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், ஆபத்தான தொழிலை நடத்துகிறவன் ‘என்னால் இயன்ற எச்சரிக்கையெல்லாம் எடுத்தேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது, விளைந்த தீங்குக்கு அவன் முழுப் பொறுப்பாளி என்று விதித்தது. இது சட்டம் தர்மத்தை நோக்கி எடுத்து வைத்த ஓர் அடி என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்த அடியும் தீங்கு நேர்ந்தபின்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பே தொடங்க வேண்டிய ஒன்றைத் திருவாரூர்க் கதை நமக்குச் சொல்கிறது.

கன்றைத் தேர்க்காலில் கொன்ற மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனைப் பற்றிச் சிறுவயது முதல் கேட்டு வந்திருக்கிறோம். அவன் நீதியின் கடுமையைக் கண்டு வியந்ததோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். சேக்கிழார் சொல்லும் முறையில் கவனிக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, இளவரசன் கன்றைக் கொல்ல நினைத்தவன் அல்லன். கன்று தானே துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. அமைச்சர்களும் அதைச் சொல்லி, சாஸ்திரப்படி பிராயச்சித்தம் செய்தால் போதும் என்று வழி கூறினார்கள். அரசன் அதை மறுத்துவிட்டான்: வேறொருவன் செய்திருந்தால் தண்டிக்கும் நான், என் மகன் என்பதற்காகப் பிராயச்சித்தத்தால் முடித்துவிட்டால், அந்தப் பிராயச்சித்தம் வசதியுள்ளவனுக்கு வாய்த்த புறவாசல் ஆகிவிடாதா என்பதே அவன் கலக்கம். இரண்டாவது இடம் இன்னும் ஆழமானது. அரசன் தன் குடியை ஐந்து வகை அச்சங்களிலிருந்து காக்கக் கடமைப்பட்டவன் என்று எண்ணும்போது, பகைவரையும் கள்வரையும் பிற உயிர்களையும் பின்னால் வைத்து, முதலில் தன்னையும், அடுத்துத் தன் பரிவாரத்தையும் வைக்கிறான். காக்கிறவனிடமிருந்தே காக்க வேண்டும் என்ற அந்த வரிசையில் ஒரு தொழிலதிபன் கற்க வேண்டியது முழுவதும் அடங்கியிருக்கிறது. தொழிலாளிக்கு வரும் ஆபத்துகளில் முதலாவது ஆபத்து என் லாப ஆசை, இரண்டாவது ஆபத்து என் பெயரால் விரட்டும் என் மேற்பார்வையாளன், யந்திரம் அதற்கப்புறம்தான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அது உண்மையான ஆட்சேபம், அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. ரப்பர் நாடாவைக் கட்டியது முதலாளியா? தொழிலாளியே அல்லவா தன் கையால் கட்டினான்? நான் கண்ட அந்தப் பட்டறையின் சொந்தக்காரர் கொடியவர் அல்லர். விரல் போன முதியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செலவு செய்தவர் அவர். வேலையை விட்டு அனுப்பாமல் எடை போடும் இடத்தில் அமர்த்தி இன்றளவும் சோறு போடுகிறவரும் அவரே. பூஜை முடிந்து பேசிக்கொண்டிருக்கையில், “கணக்கைக் குறைச்சா ரேட் கட்டாதுங்க, ஆர்டர் அடுத்த ஷெட்டுக்குப் போயிருமுங்க” என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது கவலைதான். அவரை வெறுத்துவிட்டுத் திரும்பி வருவது சுலபம். அது உண்மைக்குச் செய்யும் துரோகம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் சிந்தித்ததில் எனக்குத் தெளிவாகியது இதுதான். அந்த நாடா பொத்தானின் மேல் கட்டப்படுவதற்கு முன்பே கரும்பலகையில் கட்டப்பட்டுவிட்டது. இரண்டு கைகளையும் பொத்தானில் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எட்டு மணி நேரத்தில் எத்தனை பீஸ் அடிக்க முடியுமோ அதற்கு மேற்பட்ட எண்ணை எழுதியவன் எவனோ, அவனே அந்த விதியை மீறியவன். இளைஞருடைய கை அந்த எண்ணுக்குக் கீழ்ப்படிந்ததே தவிர வேறொன்றும் செய்யவில்லை. அந்த எண்ணை எழுதிய முதலாளியின் கையையும் வேறொரு கை பிடித்துத் தள்ளிற்று; சல்லிசாக வாங்கியே தீருவேன் என்ற பெரிய கம்பெனியின் கை அது, அந்தக் கம்பெனியிடம் மலிவான பம்புசெட் கேட்ட நம் எல்லோருடைய கையும் அது. பொறுப்பு இவ்வாறு பலருக்குப் பங்காகிறது என்பதால் எவருக்கும் குறைந்துவிடுவதில்லை. பங்கிட்டால் குறைவது பணம். பாவம் பங்கிடப்படும்போது ஒவ்வொருவரிடமும் முழுமையாகவே இருக்கிறது.

விதியை மீறுகிறவன் இழப்பது எதை என்று தொடங்கினோம். அவன் முதலில் இழப்பது சத்தியத்தை. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அவிழ்த்து, போனபின் மறுபடி கட்டப்படும் ஒரு நாடா, அந்தக் கூரையின் கீழ் வாழும் அத்தனை பேருக்கும் சொல் வேறு செயல் வேறு என்பதைத் தினமும் கற்பிக்கிறது. பொய்ப் பதிவேட்டில் கையெழுத்திடப் பழகியவர்களிடம் பிறகு தரத்தையோ நாணயத்தையோ எதிர்பார்க்க முடியாது. அடுத்து, தன்னோடு உழைக்கிறவனை மனிதனாகக் காணும் கண்ணை இழக்கிறான். தொடக்கத்தில் ரப்பர் நாடாவைக் கண்டு அவனும் என்னைப் போலத் துணுக்குற்றிருப்பான். பிறகு பழகிப்போய், கடைசியில் அதற்குச் சந்தனம் வைக்கும்வரை வந்துவிடுகிறான். இந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை, எந்த இன்ஷூரன்ஸும் இதற்கு ஈடு கொடுப்பதில்லை.

அபராதம் நடந்து முடிந்ததைப் பார்க்கிறது. பிராயச்சித்தம் இனி நடக்கப்போவதைப் பார்க்கிறது. சோழ அரசன் மறுத்தது சடங்காகிவிட்ட பிராயச்சித்தத்தை. சித்தத்தைத் திருத்துவது என்று அந்தச் சொல்லுக்குப் பெரியோர் கூறும் பொருளில் அதைச் செய்ய விரும்புகிறவனுக்கு வழி கடினமானதாயினும் மறைவானதன்று. நாடாவை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தபின் குறையும் எண்ணைக் குறைந்த எண்ணாகவே எழுதத் துணிய வேண்டும். அதனால் வரும் நஷ்டத்தைத் தொழிலாளியின் கூலியில் பிடிக்காமல் தானே தாங்க வேண்டும், தாங்க இயலாதபோது வாங்குகிறவனிடம் போய் இதுவே நேர்மையான விலை என்று சொல்லும் மனத்திடம் வேண்டும். வாங்குகிற நாமும் அந்த விலையைக் கேட்டு முகம் சுளிக்காதிருக்கப் பழக வேண்டும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் விஜயதசமி. குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்தை எழுத வைக்கும் நாள். எந்தக் காரியத்தையும் புதிதாகத் தொடங்கலாம் என்று நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற நாள். அந்தப் பட்டறையின் கரும்பலகையில் பிள்ளையார் சுழிக்குக் கீழே அன்று காலை எழுதப்படும் எண், முந்தின நாள் செய்த பூஜை கடவுளைச் சேர்ந்ததா இல்லையா என்பதைச் சொல்லிவிடும்.